ஊருக்கு மேற்கே கண்மாய்

எங்க கீழச்செம்பொட்டல் பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்புக்குள்ள பனி பெஞ்ச அன்னைக்கு, ஏன் பெய்யுது எப்படிப் பெய்யுதுன்னு ஊருல ஒருத்தரும் கேக்கல, யாரு மொதல்ல அள்ளுறதுன்னுதான் சண்டை வந்துச்சு, அந்தச் சண்டையில மொத ஆளா நின்னவ நான்தான். எம்பேரு முத்துராக்கு, நான் மீன்காரி. கடக்கரையில ஏலம் எடுத்து, டிவிஎஸ் வண்டியில பொட்டியைக் கட்டி, ராமநாதபுரத்து வெயில்ல ஊரு ஊராச் சுத்தி வித்துட்டு, மிச்ச மீனு வீச்சம் எடுக்குறதுக்குள்ள வீடு வந்து சேர்றவ நான், ஐஸோட அருமை எனக்குத்தான் தெரியும். மத்தியானம் தெரு மொனையில வண்டியை நிப்பாட்டினா, என் மக தர்ஷிகா படிக்கிற எட்டாம் வகுப்புச் சன்னல் வழியா வெள்ளை வெளேர்னு பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் பொட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

உள்ள போனா மொழங்கால் ஆழத்துக்குப் பனி. பிள்ளைக கெடுகெடுன்னு நடுங்கிக்கிட்டு வட்டமா நிக்குதுக, நடுவுல தரையில ஒரு படம் விரிச்சுக் கெடக்கு, பிரிசில்லா டீச்சர் சேலை முந்தானையைத் தலையில போத்திக்கிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காக. கரும்பலகை ஓரத்துல ஒரு பறவை, கோட்டுப் போட்ட கவுன்சிலர் மாதிரி நிமிந்து நின்னு என் பொட்டியவே பாத்துச்சு. பாத்துச்சா, நேரா வந்து ஒரு பாறை மீனைக் கவ்விருச்சு. சூன்னு வெரட்டி, கையில கெடச்ச அளவுகோலால ரெண்டு போட்டேன். "அதை அடிக்காதீங்கம்மா, பாடம் முடிஞ்சதும் அதுவா அது ஊருக்குப் போயிரும்"னு டீச்சர் சொன்னாக. நான் பொட்டி நெறைய பனியை அள்ளிக்கிட்டு வெளிய வந்தேன், அன்னைக்கு என் மீனு சாயந்தரம் வரைக்கும் கண்ணு செவக்காம இருந்துச்சு.

அந்த டீச்சருக்கு ஒரு வழக்கம். அவுக நாசரேத்துப் பக்கத்துக்காரவுக, ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்புக்கும் சோசியல் அவுகதான், கோவக்காரி, ஆனா பிள்ளைகளை ஒரு அடி அடிச்சதில்ல. பூகோளப் படத்தைச் சுவத்துல மாட்டவே மாட்டாக. "சுவத்துல மாட்டினா வடக்கு மேல போயிரும், தெக்கு கீழ போயிரும், பிள்ளைக வடக்குன்னா கூரைன்னு நெனைச்சிக்கிடும். வடக்கு மேல இல்ல பிள்ளைகளா, அந்தா காளியம்மன் கோயில் பக்கம் இருக்கு"ன்னு சொல்லி, படத்தைத் தரையில விரிச்சு, அதோட தலையைக் கோயில் பக்கம் திருப்பி வச்சு, எல்லாரையும் செருப்பைக் கழட்டச் சொல்லி, சுத்தி நிக்க வச்சு, ஒருத்தரைக் கேக்கச் சொல்லி மத்தவுக எல்லாரையும் ஒரே குரல்ல பதில் சொல்லச் சொல்லுவாக. அண்டார்டிகா எங்கே? பூமிக்குத் தெற்கே. அங்கே என்ன உண்டு? பனி உண்டு. பனிக்குக் கீழே என்ன உண்டு? அதுக்கும் கீழே பனி உண்டு. அப்படிச் சொல்லச் சொல்லத்தான் பனி வந்துச்சு, பிள்ளைக படத்தைச் சுருட்டினதும் வந்த வழியே போயிருச்சு, அள்ளினது மட்டும் அள்ளினவுக கையில நின்னுச்சு.

அதுக்கப்புறம் எங்க ஊரு பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடக்குதுன்னு தெரியாத ஆளே ஊருக்குள்ள கெடையாது. அதுவரைக்கும் பிள்ளை எத்தனாப்புப் படிக்குதுன்னு கேட்டா முழிச்சவன் எல்லாம், ஆறாம் வகுப்புல ஆசியா எந்த மட்டுல இருக்கு, எட்டாம் வகுப்புல ஆப்பிரிக்கா ஆரம்பிச்சாச்சான்னு டீக்கடையில விசாரிச்சான். தை மாசம் பருவந்தப்பின மழையில மிளகாயெல்லாம் பூசணம் பூத்துக் கெடந்தப்போ, எட்டாம் வகுப்புல சகாரா வருதுன்னு கேள்விப்பட்டு, ஊரே சாக்குல குண்டு மிளகாயைக் கட்டிக்கிட்டுப் போய் வாசல்ல வரிசை போட்டு நின்னுச்சு. பெஞ்சுக்கு அடியில, மேசைக்கு அடியில, பொன்னு மாதிரி மணல்ல மிளகாயைப் பரத்திப்போட்டுட்டு, பாடம் முடிய அள்ளிக்கிட்டுப் போனாக, காத்துல நெடி ஏறி டீச்சரும் பிள்ளைகளும் தும்மித் தும்மியே நைல் நதி வரைக்கும் போனாக. ஆறாம் வகுப்புக்குக் கங்கை வந்த அன்னைக்குக் கெழடுக எல்லாம் சொம்போட சன்னலுக்கு வெளிய நின்னுச்சுக. "பாடத்தைக் கெடுக்காம மோந்துக்கிடுங்க"ன்னு டீச்சர் ஒரு வார்த்தைதான் சொன்னாக, அவுக வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுகன்னு அன்னைக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல.

ஐரோப்பா பாடத்துல ஆல்ப்ஸ் மலை வந்தப்போ, புதுசாக் கல்யாணம் ஆன ஒரு சோடி, கொடைக்கானல் போக வசதி இல்லாததுக, கடைசி பெஞ்சுல வந்து ஒக்காந்துக்கிட்டு, பீரியடு முடியிற வரைக்கும் ஒரே போர்வைக்குள்ள நடுங்குச்சுக. பிள்ளைக திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரிச்சதுல ரெண்டு மூணு நதி விட்டுப்போச்சு, டீச்சர் மறுநாள் திருப்பி நடத்தினாக.

வசதி வந்தா மனுசனுக்கு ஆசை சும்மா கெடக்குமா. ஊருக்கூட்டம் போட்டாக. எங்க ஊருக்குப் பெரிய தலை சாத்தையா மாமா, கரிமூட்டம் போடுறவரு, மீசையும் வேட்டியும் கரி வாசனைதான் அடிக்கும், அவரு டீச்சரைக் கூப்புட்டு ஒக்கார வச்சு, "டீச்சரம்மா, வாரத்துக்கு ரெண்டு நாளு அண்டார்டிகா, ஒரு நாளு சகாரா, மிச்சத்தை ஒங்க இஷ்டத்துக்கு நடத்துங்க, ஊரு சார்பாக் கேக்குறோம்"னு சொன்னாரு. நானும் தலையை ஆட்டிக்கிட்டு நின்னேன், எனக்கு ஐஸ் வேணும்ல. டீச்சருக்கு வந்துச்சே கோவம். "அண்டார்டிகா ஒங்க ஐஸ் பேக்டரி இல்ல. அதுல என் பிள்ளைக படிக்க வேண்டியது இருக்கு. எந்த நாளு எந்தப் பாடமோ அந்த நாளு அந்த எடம்தான் வரும். வந்ததை அள்ளிக்கிடுங்க, வராததைக் கேக்காதீங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. திமிரைப் பாருன்னு நான்தான் மொதல்ல முணுமுணுத்தேன். ஆனா என் மக அன்னைக்குச் சோறு திங்கும்போது, உலகத்துல எந்தெந்தக் கடலு எந்தெந்தக் கடலோட கலக்குதுன்னு கொழம்புல வெரலை வச்சுத் தட்டுல வரைஞ்சு காட்டினா. எனக்கு அதுல பாதி வெளங்கல, ஆனா வயிறு நெறைஞ்சு போச்சு.

இப்படி உலகமெல்லாம் எங்க ஊருக்கு வந்து போய்க்கிட்டு இருந்தப்போதான், எங்க ஊரையே கேட்டு ஒருத்தன் வந்தான். ஊருக்கு மேற்கே எங்க கண்மாய் இருக்கு. இருக்குன்னா, ஆறு வருசமா நெறையல, உள்ளுக்குள்ள சீமைக்கருவேலம் ஆளு ஒசரத்துக்கு மண்டிக் கெடக்கு. ஆனாலும் ஐப்பசி கார்த்திகையில விழுற கொஞ்சநஞ்ச மழையை அதுதான் வாங்கி மண்ணுக்குள்ள வச்சுக்கிட்டு, ஊத்து வழியா எங்க ஊரணிக்குக் குடுக்குது, அந்த ஊரணித் தண்ணியைத்தான் ஊரே குடிக்குது. அந்த எடத்தை மொத்தமா எடுத்து மட்டம் தட்டி, வெயில்ல கரண்டு எடுக்குற கண்ணாடித் தகடு நடப் போறோம்னு ஒரு கம்பெனி மேனேசர் காருல வந்தான். சும்மா சொல்லக் கூடாது, நல்லாப் பேசினான், எல்லாரையும் அண்ணாச்சின்னான், அக்கான்னான். "கண்மாயில எப்படித் தம்பி நடுவிய"ன்னு நான் கேட்டதுக்கு, "கண்மாயா? சர்க்கார் வரைபடத்துல இங்க கண்மாயே இல்லையேக்கா, தரிசுன்னுல்ல இருக்கு"ன்னு சொல்லிச் சிரிச்சான்.

அது எப்படித் தரிசாச்சுங்கிறதுதான் எங்க ஊரு லெச்சணம். முன்னொரு காலத்துல அளக்குற ஆளுக ஊருக்கு வந்தப்போ, இது கண்மாய்தானேன்னு கேட்டுருக்காக. கண்மாய்னு சொன்னா உள்ள நிக்கிற கருவேலத்தைச் சர்க்கார் ஏலம் விட்டுரும், நம்ம வெட்டிக் கரி போட முடியாதுன்னு பயந்து, சாத்தையா மாமாவும் அவரு சேக்காளிகளும் கரையில வரிசையா நின்னு, கண்மாயும் இல்ல மண்ணும் இல்ல, வெறும் முள்ளுக்காடு சாமின்னு ஒரே குரல்ல சொல்லிருக்காக. வந்தவுக அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாக. இவுக மூட்டம் போட்டுக் கரி வித்துத் தின்னாக. தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டு அதுக்கு மேல பூவும் வச்சுக்கிட்ட கூட்டம் எங்க ஊருக் கூட்டம்.

கண்மாய் போனா ஊரணி போயிரும், ஊரணி போனா ஊரு நிக்காது. பக்கத்துல ஒரு ஊரு அப்படித்தான் காலியாச்சு, வீட்டைப் பூட்டிட்டு எல்லாம் திருப்பூருக்குப் போயிருச்சுக, பொம்பளப் பிள்ளைக பூராம் படிப்பை விட்டுட்டு பனியன் கம்பெனிக்குள்ள நிக்குதுக. புருசன் இல்லாதவ நான், கடலை விட்டு அங்க போனா எனக்கு மீனும் இல்ல, தொழிலும் இல்ல, என் மகளும் எட்டாப்போட நூலு வெட்டத்தான் போகணும். கொழம்புல கடலு வரைஞ்ச கையி. அதை நெனைச்சு அன்னைக்கு நான் தனியா ஒக்காந்து அழுதேன், அழுது முடிச்சு எந்திரிச்சப்போ அழுகையெல்லாம் ஆத்திரமா இருந்துச்சு.

என் மக அழல. அவ வகுப்புல எந்திரிச்சு, "டீச்சர், நம்ம ஊரு எந்தப் பாடத்துல வரும்?"னு கேட்டுருக்கா. டீச்சர் ஆறாம் வகுப்புப் பொஸ்தகத்தைப் பெரட்டினாக, ஏழைப் பெரட்டினாக, எட்டைப் பெரட்டினாக, அப்புறம் மூணையும் மூடி வச்சாகளாம். "எதுலயும் வராதுட்டி. எதுலயும் வராததுனாலதான் இதை எவனும் எடுத்துக்கிடலாம்னு நெனைக்கான். பொஸ்தகத்துல இல்லாட்டி என்ன, பாடத்தை நாம எழுதுவோம். கெளம்புங்க"ன்னு சொல்லி, எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் கூட்டிக்கிட்டு வெயில்ல கண்மாய்க்குப் போனாக.

போனதுக முள்ளுக்குள்ள பூந்து கீறிக்கிட்டு, கரை எங்க ஆரம்பிக்குது, எங்க வளையுது, தண்ணி வர்ற வரத்துக்கால் எது, வயலுக்குத் தெறக்குற மடை எது, நெறைஞ்சா வழியுற கலுங்கு எதுன்னு காலடியால அளந்து, ஆஸ்திரேலியா படத்துக்குப் பின்பக்கத்து வெள்ளைத் துணியில வரைஞ்சதுக. சாயந்தரம் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நான் காலுல முள்ளு எடுத்தேன். "கண்மாய்க்கு ஒரு கலுங்குதான்னு எல்லாரும் சொல்றீங்கம்மா, ரெண்டு இருக்கு, ஒண்ணு மண்ணு மூடிக் கெடக்கு"ன்னா. நான் பொறந்து வளந்த ஊரு, எனக்கு அது தெரியாது.

சேதி போய்ச் சேந்துருச்சு. கல்வி ஆபீசரு வண்டியில வந்து எறங்குனாரு. பள்ளிக்கூடத்துல மீனு, மிளகாய், மணல்னு ஏற்கனவே அவருக்கு மூக்குல வேர்த்துக்கிட்டு இருந்துச்சு. "போர்ஷன்ல இருக்கறதை மட்டும் நடத்துங்கம்மா. கம்பெனி சமாசாரத்துல தலையிட்டா நான் பொறுப்பில்ல"ன்னாரு. டீச்சர் கையைக் கட்டிக்கிட்டு நின்னாக, ஆனா கொரல் கையைக் கட்டல. "சார், நான் நடத்துதது பூகோளம். பூமியில எங்க ஊரு இல்லைன்னு நீங்க சொல்லுங்க, இப்பவே நிறுத்திக்கிடுதேன்." அவரு மோருத்தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டாரு.

பங்குனி மாசம், கம்பெனிக்கு எடத்தைக் குடுக்குறதைப் பத்தி ஊருக்கிட்டக் கருத்துக் கேக்குற கூட்டம் வச்சாக. ஊருல காத்தாடி ஓடுற ஒரே எடம் எட்டாம் வகுப்புங்கிறதுனால, பிள்ளைகளை மரத்தடிக்கு வெரட்டிட்டு, தாசில்தாரு, சர்வேயரு, மேனேசரு மூணு பேரும் அங்கயே நாற்காலி போட்டு ஒக்காந்துட்டாக. ஊரு பூராம் சன்னலுக்கு வெளிய. தாசில்தாரு தொண்டையைச் செருமுறதுக்குள்ள டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உள்ள வந்துட்டாக. "மன்னிக்கணும் சார். இது எட்டாம் வகுப்புக்குச் சோசியல் பீரியடு. இந்த வருசம் ஒரு பீரியடு கூட நான் விட்டதில்ல"ன்னாக. வெளிய போங்கன்னு மேனேசர் கையை வீசினான். தாசில்தாரு, நல்ல மனுசன்தான் பாவம், வேர்வையைத் தொடச்சுக்கிட்டு, "இருக்கட்டும், இந்த ஊரு அதிசயத்தை நானும் கேள்விப்பட்டுருக்கேன். எங்களுக்கும் கொஞ்சம் பனி காட்டுங்க, வெக்கை தாங்கல"ன்னாரு. டீச்சர், "இன்னைக்குப் பனி இல்ல சார்"னு சொல்லிட்டு, செருப்பைக் கழட்டச் சொன்னாக. ஒக்காந்திருந்த மூணு பேரும் சிரிச்சுக்கிட்டே பூட்ஸைக் கழட்டி நாற்காலிக்கு அடியில வச்சாக.

படத்தை விரிச்சாக. தலையைக் கோயில் பக்கம் திருப்பினாக. கேக்குறது என் மக. கண்மாய் எங்கே? ஊருக்கு மேற்கே. தண்ணீர் எங்கேயிருந்து வருது? வைகையில பிரிஞ்சு, மேலச்செம்பொட்டல் கண்மாயில பெருகி, கலுங்கு தாண்டி, வரத்துக்கால் வழியா வருது. எங்கே போகுது? மடை வழியா வயலுக்கு, ஊத்து வழியா ஊரணிக்கு, ஊரணியிலேருந்து எங்க கொடத்துக்கு. ஒரு தடவை சொன்னதுக, ரெண்டு தடவை சொன்னதுக. தரையில சிமெண்டு கருத்துச்சு, ஓரத்துல கசிஞ்சுச்சு, மண்வாசனை வந்துச்சு, தண்ணி கணுக்கால் வரைக்கும் ஏறுச்சு. அவ்வளவுதான். பிள்ளைக தொண்டை கட்டக் கட்டச் சொல்லுதுக, தண்ணி அதுக்கு மேல ஏறல, தவக்களை ஒண்ணே ஒண்ணு தத்திக்கிட்டு மேசைக்கு அடியில போச்சு.

மேனேசர் பேண்டை ஒரு சுருட்டுச் சுருட்டிவிட்டு, "இவ்வளவுதானா ஒங்க கண்மாய்? இதுக்கு எங்க வீட்டு பாத்ரூம் பெரிசு"ன்னான். சர்வேயரு சிரிச்சுட்டாரு. என் மக மூஞ்சி சுண்டிப்போச்சு, அதைப் பாத்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. டீச்சர் சன்னலைத்தான் பாத்தாக. "பிள்ளைக படத்துல தப்பில்ல, சொன்னதுலயும் தப்பில்ல. இந்தக் கண்மாய் இல்லைன்னு ஒரு காலத்துல பெரிய கொரலா நாலு கொரலு சொல்லிருக்கு. அதை அழிக்கச் சின்னக் கொரலு பத்தல"ன்னாக.

சன்னலுக்கு வெளிய ஊரே திரும்பிச் சாத்தையா மாமாவைப் பாத்துச்சு. அவரு தரையைப் பாத்தாரு. நான் போய் முன்னால நின்னேன். "மாமா, அன்னைக்கு வாயைத் தொறந்தியள்ல. இன்னைக்கும் தொறங்க."

"ஏத்தா, நீ வேற. இப்பக் கண்மாய்னு சொன்னா இத்தன வருசம் அதுல வெட்டுன வெறகுக்கெல்லாம் என்மேல கேசு போட்டுருவாகத்தா. வயசான காலத்துல கோர்ட்டுக்கு அலையச் சொல்றியா?"

"அலைங்க. நான் வண்டியில ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போறேன், மீன் பொட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்து வாங்க. ஊரு போச்சுன்னா கோர்ட்டுக்குப் போகவும் ஒங்களுக்கு ஒரு வாசல் இருக்காது. எம் மக பனியன் கம்பெனியில நூலு வெட்டுற அன்னைக்கு ஒங்க கரியை யாருக்கு விப்பிய?"

மாமா தோளுல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டினாரு, செருப்பைக் கழட்டினாரு, வாசப்படியில ஏறி உள்ள போய், பிள்ளைகளுக்கு நடுவுல தண்ணிக்குள்ள நின்னாரு. அவரு கால்லருந்து கரி கரைஞ்சு தண்ணி கருத்துச்சு. அன்னைக்கு அவரோட சேந்து சொன்ன சேக்காளிகள்ல உசுரோட இருந்தவுக, கம்பை ஊனிக்கிட்டு அவரு பின்னாலேயே போனாக. என் மக அவரு மூஞ்சியைப் பாத்துக் கேட்டா. "கண்மாய் எங்கே தாத்தா?"

"ஊருக்கு மேற்கே"ன்னாரு. மொதத் தடவை கொரலே வரல. "சத்தமா"ன்னா என் மக, டீச்சர் சொல்ற மாதிரியே. "ஊருக்கு மேற்கே இருக்குத்தா. எங்கய்யா அதுல நீச்சப் பழக்கிவிட்டாரு. நாந்தான் இல்லைன்னேன். இருக்கு, ஊருக்கு மேற்கே இருக்கு"ன்னு தொண்டை கிழியக் கத்தினாரு. கத்த ஆரம்பிச்சதும் நாங்க எல்லாரும் சன்னல்ல, வாசல்ல, மரத்தடியில நின்னு கத்தினோம். கண்மாய் எங்கே, ஊருக்கு மேற்கே. தண்ணி யாருக்கு, எங்க கொடத்துக்கு. வைகையில பிரிஞ்சு வருது, கலுங்கு தாண்டி வருது, வரத்துக்கால்ல வருது, வருது, வருதுன்னு நாங்க சொல்லச் சொல்ல, பின்சுவரு ஓரத்துலருந்து மதகு தெறந்தாப்புல தண்ணி வந்துச்சு.

மொழங்கால் வந்துச்சு, இடுப்பு வந்துச்சு. பெஞ்சு மெதந்துச்சு, பூட்ஸு ஆறும் மெதந்துச்சு, கெண்டை துள்ளுச்சு, அல்லி எலை விரிஞ்சுச்சு, நாரை ஒண்ணு வந்து காத்தாடி மேல ஒக்காரப் பாத்து, அது சுத்தவும் கோவிச்சுக்கிட்டுக் கரும்பலகைக்குப் போச்சு. பிள்ளைகளைத் தோளுல தூக்கிக்கிட்டாக. மேனேசரு மேசை மேல ஏறி நின்னான், தாசில்தாரு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சளவு தண்ணியில நின்னாரு. ஒரு வெரால் என் கையை ஒரசிக்கிட்டுப் போச்சு, மீன்காரி கை சும்மா இருக்காது, ஆனா அன்னைக்கு நான் பிடிக்கல.

மேசை மேல நின்னவன், "மணியை அடிங்க, பீரியடு முடியட்டும், பாடம் முடிஞ்சா எல்லாம் போயிரும்ல"ன்னான். மணி அடிச்சாக. டீச்சர் படத்தைச் சுருட்டச் சொன்னாக, பிள்ளைக தண்ணிக்குள்ள முங்கி எடுத்துச் சுருட்டுச்சுக. தண்ணி அப்படியே நின்னுச்சு. "ஏன் போகல?"ன்னு தாசில்தாரு கேட்டாரு, பயத்துல இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு.

"பனி அண்டார்டிகாவுக்குப் போச்சு சார், மணலு சகாராவுக்குப் போச்சு. இது எங்க போகும்? இதுக்கு வேற ஊரு கெடையாது, எங்களுக்கும் கெடையாது"ன்னு டீச்சர் சொன்னாக. சொல்லிட்டு வாசலை விட்டு வெலகி நின்னாக. தண்ணி வாசல் வழியா எறங்கி, தெருவுல திரும்பி, டீக்கடையைச் சுத்திக்கிட்டு, மேற்காமத் தன் வழியைப் பாத்துப் போச்சு, நாங்க எல்லாரும் அது பின்னாலேயே நடந்தோம். கருவேலம் தலை மட்டும் தெரியக் கண்மாய் நெறைஞ்சுச்சு. பிள்ளைக சொன்ன ரெண்டாவது கலுங்கு மண்ணைப் பீச்சிக்கிட்டுத் தெறந்துச்சு. தாசில்தாரு ஈரச் சட்டையோட கரையில நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டுக் காருல ஏறிட்டாரு.

இதோட ஜெயிச்சுட்டோம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சர்க்கார் வரைபடத்துல அது இன்னும் தரிசுதான். பிரிசில்லா டீச்சரைத் தூரத்துக்கு மாத்திட்டாக. போற அன்னைக்கு ஊரே பஸ்ஸை மறிச்சுச்சு, அவுகதான் வெரட்டினாக. "பரீட்சைக்குப் படிக்க வைங்க, பஸ்ஸை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே அழுதாக, நானும் அழுதேன், ஒரு பொட்டி நகரை மீன் குடுத்துவிட்டேன். அவரு கத்தினதையே சாட்சியா வச்சு, பழைய வெறகுக்காகச் சாத்தையா மாமா மேல கேசும் போட்டாக. வாய்தாவுக்கெல்லாம் என் வண்டியிலதான் போய்ட்டு வர்றாரு, ஒரு நாளும் மொணங்கினதில்ல, மீன் வாடைதான் தாங்கலையாம்.

அந்த வருசச் சித்திரை வெயிலு எதையும் விட்டு வைக்கல. மனுசனால முடியாததை அது முடிச்சுச்சு, ஒரு நா ரெண்டு நான்னு வத்தி வத்தி, கண்மாய் வெடிச்ச மண்ணா ஆயிருச்சு. ஊரணியில மட்டும் தண்ணி நின்னுச்சு. வத்தட்டும்னு காத்துக்கிட்டு இருந்தவன் மாதிரி அந்த மேனேசர் மண்ணு வாருற வண்டியோட வந்து எறங்கினான். நாங்க கரை மேல வரிசையா நின்னோம். அவன் கண்மாய்க்கு நட்டநடுவுல, முள்ளு இல்லாத பொட்டல்ல, வெடிச்ச மண்ணு மேல நின்னுக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு, நாலு பக்கமும் திரும்பிப் பாத்து, "எங்கப்பா ஒங்க கண்மாய்? இப்ப ஒங்க டீச்சரும் இல்ல, தண்ணியும் இல்ல. எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்"னு கேட்டான்.

சாத்தையா மாமா வாயைத் தொறந்தாரு. என் மக அவரு கையைப் பிடிச்சு நிப்பாட்டிட்டு, கரையிலருந்து ஒரு அடி முன்னால வந்தா. சத்தம் போடல, வகுப்புல பதில் சொல்ற மாதிரிதான் சொன்னா.

"நீங்க நிக்கிறது அதுக்குள்ளதான் சார். தண்ணி வர்றதுக்குள்ள கரையேறிருங்க."